கைஸ்ட் என்னுஞ் சொல்லும் பரபக்க நேர்மையும்

பிறர் மதத்தை மறுக்கப் புகுவோன் முதற்கண் அம்மதத்தை அதனையுடையார் கூறுமாறே எடுத்துக் கூறுதல் வேண்டுமென்பது நம் ஆசிரியன்மார் கைக்கொண்ட முறை. சிவஞானசித்தியார்ப் பரபக்கத்துள் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதங்களும் முன்னர் அவரவர் கூற்றாக வைக்கப்பட்டுப் பின்னரே மறுக்கப்படுதல் கற்றார் அறிந்தது. அங்ஙனம் அநுவதித்தற்கண் ஒரு சொல் பிறழினும் மறுப்பு முழுதும் குறிதவறிய அம்பாய் விடும். வடமொழி, தமிழ் என்னும் இரண்டனுள் அடங்கிய மதங்களைப் பற்றியமட்டில் மூலத்தை நாமே பார்த்துத் தெளிதல் கூடும். ஜெர்மானிய தேசத்துத் தத்துவ நூல்களோ நம்மனோர்க்குப் பெரும்பாலும் ஆங்கில வாயிலாகவே வந்தெய்துகின்றன. அவ்வாயிலுட் புகுந்து வருஞ் சொற்கள் எவ்வாறு மாறுகின்றன, அம்மாற்றத்தை அறியாது வாதஞ் செய்வான்பாற் குற்றம் உண்டோ இன்றோ என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது என் பிழையொன்றேயாகலின் அதனை மறையாது கூறுவேன். ஏறக்குறைய நாற்பதாண்டின் முன், யான் இளம் பண்டிதனாயிருந்த காலத்து, ஒரு சைவசபையின் ஆண்டு விழாவில் மேனாட்டார் முதற்பொருட் கொள்கை பற்றிப் பேசினேன். ஹெகல் என்பார் 1807-ல் வெளியிட்ட பெருநூலை 1910-ல் பெய்லி என்பார் ஆங்கிலப்படுத்திய பழம் புத்தகம் நூல்நிலையமொன்றிற் கிடைத்திருந்தது. அதன் முகப்பில் 'மைண்ட்' என்னுஞ் சொல் நின்றது. மைண்டாவது மனம், மனமோ ஆன்மதத்துவம் இருபத்துநான்கனுள் ஒன்று, அகங்காரத்தினின்று தோன்றுவது, மாயாகாரியம், சடம். சடந் தன்னையும் அறியாது, பிறிதையும் அறியாது. அதனை முதற்பொருளென்றாராகலின் ஹெகல் மதம் உலகாயதத்திற்கு அயலதன்று என்று அடுக்கிச் சென்று முடித்தேன். சபையார் கைகொட்டினர். கூட்டங் கலைந்தபின், கல்லூரியில் மேனாட்டுத் தத்துவம் பயிற்றி ஓய்வுபெற்ற முதியவரொருவர் அருகில் வந்து, "ஐயா, தாங்கள் கண்டித்தது ஹெகலையோ, பெய்லியையோ?" என்று மெல்லக் கேட்டார். மூலத்தில் அச்சொல் யாது என்றும் வினவினார். யான் விடையின்றி நின்றேன். அச்சொல் 'கைஸ்ட்' என்பதென அவரே கூறிச் சென்றார்.

ஜெர்மானிய மொழியை யான் முறையாகக் கற்றவனல்லேன். ஆங்கிலப் பெயர்ப்புக்களை ஒன்றோடொன்று ஒப்புநோக்கியும், அம்மொழி வல்ல நண்பரொருவரைச் சொற்றோறும் வினவியும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன். கைஸ்ட் என்பது ஆங்கிலத்திற் பேயைக் குறிக்கும் 'கோஸ்ட்' என்பதனோடு ஒரே வேரிற் கிளைத்த சொல். கிறிஸ்தவர் கூறும் பரிசுத்த ஆவியை ஜெர்மானியர் இச்சொல்லாற் குறிப்பர். 1611-ல் வெளிவந்த ஆங்கில வேதப்புத்தகமும் ஆண்டுக் கோஸ்ட் என்றே வழங்கிற்று. அதுவேயன்றி, நுண்ணறிவு, நகையுணர்வு, ஒரு காலத்தின் அல்லது ஒரு சனசமூகத்தின் உள்ளப்பாங்கு என்பனவும் அச்சொல்லுள் அடங்கும். இத்துணை அகலமுடைய சொல்லை வாலஸ் 1894-லும் பெய்லி 1910-லும் தம் நூன்முகப்பில் 'மைண்ட்' என்றனர். மில்லர் 1977-ல் அதனை மாற்றி 'ஸ்பிரிட்' என்றார். 2018-ல் பிங்கார்ட், இன்வுட் என்னும் இருவர் தனித்தனியே செய்த பெயர்ப்புக்களும் ஸ்பிரிட் என்றே கொண்டன. நம் கடைத்தெருவில் ஸ்பிரிட் என்றால் அடுப்பு மூட்டும் எரிசாராயம் என்று பொருள்படுதலை நினைந்து யான் நகைத்ததுமுண்டு, அது கிடக்க.

மில்லர் பெயர்ப்பைக் கண்ணுற்றபோது எனக்குண்டான மகிழ்ச்சியை இன்று நினைப்பின் நாணமே மிகுகின்றது. ஹெகல் மனத்தைக் கூறினாரல்லர், சித்தையே கூறினார். ஆகவே அவர் நம் கொள்கைக்கு அணியராயினார் என்று கருதி, முன்னைப் பேச்சிற்கு நேர்மாறாக ஒரு கட்டுரை வரையத் தொடங்கினேன். ஹெகலின் கலைக்களஞ்சியம் என வழங்கும் நூலின் மூன்றாம் பகுதி கைஸ்டைப் பற்றியது. அதனைப் படித்துச் செல்லுங்கால் அக்கட்டுரை தானே உதிர்ந்தது. அங்கே கைஸ்ட் மூவகைப்படுகின்றது. முதலாவது தனிமனிதனிடத்துக் காணப்படும் உணர்ச்சி, நினைவு, விழைவு முதலியன. இரண்டாவது சட்டம், ஒழுக்கம், குடும்பம், குடிச்சமூகம், அரசு என்னும் இவை. மூன்றாவது கலை, சமயம், தத்துவம் என்பன. அரசாங்கமும் நியாயஸ்தலமும் எங்ஙனம் ஆன்மாவாகும்? நம் ஆன்மாக்களோ எண்ணிறந்தன, அநாதி, ஒவ்வொன்றும் ஆணவத்தாற் பிணிப்புண்டது. ஹெகல் கூறும் கைஸ்டோ தன் இயக்கத்தாலேயே தான் தானாகின்ற ஒன்று; தன்னினின்று பிறிதாய்ச் சென்று மீண்டுந் தன்னையே எய்துவது. மனமென்று இகழ்ந்ததும் பிழை. சித்தென்று அணைத்ததும் பிழை.

பெய்லியின்மேற் குறைகூறுதற்கும் எனக்கு வழியில்லையாயிற்று. அவர் முகப்பில் மைண்ட் என்று எழுதினாரேனும், நூலினுள்ளே ஒரு பெரும்பகுதிக்கு ஸ்பிரிட் என்றே தலைப்பிட்டிருந்தார். உரையினுள்ளும் இரண்டனையும் மாறிமாறி வழங்கினார். யான் முகப்பையும் முன்னுரையையும் சில பக்கங்களையும் பார்த்துக் கண்டிக்கப் புகுந்தேன். முழுதும் படித்திருப்பின் ஐயமாயினும் எழுந்திருக்கும். ஆயினும், மூலத்தில் ஒன்றாய் நின்ற சொல் ஆங்கிலத்தில் இரண்டாய்ப் பிரிந்தமையால், அவ்விரண்டும் ஒன்றே என்பதை ஆங்கிலம் ஒன்றே அறிந்தான் அறிதற்கு வாயில் அடைபட்டது என்பதையும் மறத்தற்கில்லை.

ஒன்று இரண்டாதலினும் பல ஒன்றாதலே பெருந்தீங்கு என்பது என் கருத்து. மைண்ட் என்னுஞ் சொல்லையே பாருங்கள். காண்ட் 'கெம்யூட்' என்று வழங்கியதும் ஆங்கிலத்தில் மைண்ட். ஹெகல் கைஸ்ட் என்றது வாலஸ் வாக்கில் மைண்ட். உளநோய் மருத்துவராகிய பிராய்டு 'ஸேலெ' என்றதும் ஸ்ட்ரேச்சி வாக்கில் மைண்ட். மூவர் மூன்று சொற்களாற் கூறியன ஒரு சொல்லாய் முடிந்தன. நம் நூல்களில் உயிர், புத்தி, மனம் என்னும் மூன்றனையும் ஒருவன் ஒரே சொல்லாற் பெயர்த்து அயல்நாட்டார்க்கு அளிப்பின், அதனைப் படிப்போன் சித்தாந்தத்தை யாதென்று உணர்வான்? கட்டுண்டதும் கட்டும் ஒன்றென்றன்றோ உணர்வான்!

ஸேலெ என்பது பற்றிச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். பிராய்டு தம் கருத்துக்களைப் பெரும்பாலும் வீட்டிலும் வீதியிலும் வழங்கும் எளிய ஜெர்மானியச் சொற்களாலேயே அமைத்தார். 'நான்' என்றும் 'அது' என்றும் பொருள்படும் இரண்டு சிறு சொற்களால் அவர் குறித்தவை ஆங்கிலத்தில் 'ஈகோ', 'இட்' என்னும் இலத்தீன் சொற்களாயின. 1953 முதல் 1974 வரை இருபத்துநான்கு தொகுதிகளாக வெளிவந்த ஸ்ட்ரேச்சி பதிப்பு இவற்றை நிலைநாட்டிற்று. உள்ளத்தின் ஆற்றல் ஒரு பொருளிற் சென்று பற்றுதலைக் குறித்த எளிய சொல்லொன்றற்கு அவர் கிரேக்க வேரினின்று 'கதெக்ஸிஸ்' என்னும் புதுச்சொல்லையே ஆக்கினார். வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பெட்டல்ஹைம் என்பார் 1983-ல் வெளியிட்ட நூலில் இதனை வன்மையாகக் கடிந்தார். உயிரென்னும் பொருள்பட நின்ற ஸேலெ மைண்ட் எனப்பட்டமையால், மானுடத்தன்மை வாய்ந்த ஒரு நூல் மருத்துவப் பொறிநூலாய்விட்டது என்பது அவர் வழக்கு.

இவ்வழக்கைக் கேட்டவுடன் நம்மவர் சிலர் களிகூர்தல் இயல்பே. 'மேனாட்டு மனநூலாரும் ஆன்மாவைக் கூறினர். ஆங்கிலேயரே அதனை மறைத்தனர்' என்று மேடையிற் பேசவுங் கேட்டிருக்கின்றேன். அது நேர்மையன்று. பிராய்டு கடவுளை மறுத்தவர். உடம்பின் நீங்கி நிலைபெறும் உயிரை உடன்பட்டாரல்லர். அவர் ஸேலெ என்றது அன்பும் அச்சமும் கனவும் நிகழும் உள்ளிடத்தையே. அதனை ஆன்மாவெனத் தமிழிற் பெயர்த்து அவரை நம் பக்கத்துச் சாட்சியாக நிறுத்துதல், சாட்சி கூறாததை எழுதிக் கையொப்பம் வாங்குதலை ஒக்கும். பெட்டல்ஹைம் கூறியதில் உண்மையுண்டு. ஸ்ட்ரேச்சி அஞ்சியதிலும் நியாயமுண்டு. ஆங்கிலத்தில் 'ஸோல்' என்றால் தேவாலயத்து வாசனை வீசும். அவ்வாசனை பிராய்டுக்கு உரியதன்று. 2024-ல் மார்க் ஸோம்ஸ் என்பார் ஸ்ட்ரேச்சி பதிப்பைத் திருத்தி வெளியிட்டபோது, உந்துதல் என்னும் பொருளுடைய 'ட்ரீப்' என்னுஞ் சொல்லுக்கு ஸ்ட்ரேச்சி இட்ட இயல்பூக்கம் எனும் பொருட்டாய சொல்லை மாற்றினார். கதெக்ஸிஸ் முதலிய பலவற்றை அவ்வாறே விடுத்தார். நூறாண்டு வழங்கிய சொல்லைப் பிழையென்றறிந்தும் எடுத்தெறிதல் எளிதன்று போலும்.

இனிக் காண்ட் என்பாரிடத்து வருவாம். அவர் 1781-ல் வெளியிட்ட நூலில் 'அன்ஷாவுங்' என்பது ஓர் அடிப்படைச் சொல். அதன் பகுதி நோக்குதல், காண்டல் என்னும் பொருளது. இலத்தீனில் எழுதியபோது காண்ட் தாமே நோக்குதற் பொருட்டாய ஒரு சொல்லை அதற்குக் கொண்டார். அவ்வேரினின்றே ஆங்கிலத்து 'இன்டியூஷன்' வந்தது. ஆகவே வேர்நிலையில் மொழிபெயர்ப்புப் பிழையன்று. ஆனால் ஆங்கில வழக்கில் அச்சொல் காரணமின்றி உள்ளத்துத் தோன்றும் உணர்வைக் குறிக்குமாறு திரிந்தது. இதன் விளைவை என் மாணாக்கரிடத்தே கண்டேன். ஒருவர் காண்ட் யோகக்காட்சியை உடன்பட்டார் என்று எழுதிக்கொணர்ந்தார். உண்மை இதற்கு நேர்மாறு. காண்ட் மக்கட்குக் கூறும் அன்ஷாவுங் பொறிவாயிலாய காட்சியே. பொறியின் உதவியின்றி அறிவே பொருளை நேரிற் காணும் காட்சி மக்கட்கு இன்றென்று மறுத்தவர் அவர். மறுத்தவரை உடன்பட்டவராக்கியது ஒரு சொல். தமிழிற் 'காட்சி' என்று நேரே பெயர்த்திருப்பின் இம்மயக்கம் நேர்ந்திராது. பெயர் சாதி முதலியன விரவாத நிருவிகற்பத்தையும் அவை விரவிய சவிகற்பத்தையும் அளவையிற் கற்றார்க்கு, கருத்து விரவாத தனிக்காட்சி குருடு போல்வதெனக் காண்ட் கூறியதும் எளிதிற் புலனாம். இரண்டும் ஒன்றெனக் கூறவந்தேனல்லேன். அணுகுதற்கு ஒரு படி கிடைக்குமென்றே கூறுகின்றேன்.

காண்டின் அந்நூலை 1881-ல், அது வெளிவந்து நூறாண்டு நிறைந்தபோது, ஆங்கிலப்படுத்தியவருள் ஒருவர் இருக்குவேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர். வேதத்தையும் காண்டையும் ஒருவரே ஆங்கிலேயர்க்குக் கொணர்ந்தமை நம்மவர் பலர் அறியாதது. ஷோபன்ஹவர் என்பாரும் காண்டை ஆங்கிலப்படுத்தத் தாமே முன்வந்தார், பதிப்பிப்பார் கிடைத்திலர். அவருடைய பெருநூலுக்கோ வேறொரு விபத்து. அதன் பெயரிலேயே உள்ள 'ஃபோர்ஷ்டெல்லுங்', அறிவின்முன் நிறுத்தப்படுவது என்னும் பொருளது. 1883 முதல் 1886 வரை வெளிவந்த ஹால்டேன், கெம்ப் என்பாரது பெயர்ப்பு அதனை 'ஐடியா' என்றது. பிளேட்டோ கூறிய நித்திய வடிவங்களுக்கு ஷோபன்ஹவர் 'இதே' என்னும் வேறு சொல்லை வழங்கினாராகலின், அதற்கும் ஐடியா என்றே எழுதிப் பெரிய எழுத்தாலும் சிறிய எழுத்தாலும் வேறுபடுத்தினர். வாய்விட்டுப் படிப்பார்க்கு அவ்வேறுபாடு எங்ஙனம் கேட்கும்? செந்நிறத் தோற்றத்தையும் இதே என்பாரைக் காண்ட் முன்னரே கடிந்திருந்தார். 1958-ல் பெய்ன் என்பார் 'ரெப்ரஸென்டேஷன்' என்று திருத்தினார். அவ்வெழுபதாண்டுக்கு மேற்பட்ட காலத்து ஷோபன்ஹவரை ஆங்கிலத்திற் படித்த இந்தியர் எத்துணையரோ, உலகம் வெறும் எண்ணமே என்றார் அவர் என்று கொண்டு மாயாவாதத்தோடு இணைத்தெழுதினர். அவரும் உபநிடதங்களை நேரே அறிந்தாரல்லர். 1657-ல் தாராஷுகோ பாரசீகத்திற் பெயர்ப்பித்ததை ஆங்க்கெதில் துப்பெரோன் இலத்தீனாக்க, அவ்விலத்தீனைப் படித்தே வியந்தார். இருதிறத்தாரும் ஒருவரையொருவர் திரைக்கப்பால் நின்று வணங்கினர் போலும்.

எல்லாவற்றினும் என்னை அதிகம் சிந்திக்கச் செய்தது 'அவுஃப்ஹேபன்' என்னும் ஹெகலின் வினைச்சொல். நீக்குதல் என்பதும் பேணி வைத்தல் என்பதும் அதற்குப் பொருள். எடுத்துயர்த்தல் என்பதும் உண்டு. முரண்பட்ட இருபொருளை ஒரு சொல் தாங்கி நிற்றல் குறையன்று, சிறப்பென்று ஹெகல் தம் தருக்கநூலில் மகிழ்ந்து எழுதினார். ஒரு நிலை கழிந்து மேல்நிலை வருங்கால் முன்னது அழிந்தும் அழியாதும் அதனுள் அடங்கி நிற்கும் என்பது அவர் கோட்பாடாகலின், அச்சொல்லே அவர் மதத்தின் நடுத்தூண் எனல் தகும். இலத்தீனில் 'தொல்லெரே' என்பதற்கும் உயர்த்தல், ஒழித்தல் என இருபொருள் உண்டு. அதனை வைத்து ஆக்டேவியனைப்பற்றிச் சிசரோ சொன்ன சிலேடையையும் ஹெகல் அங்கே குறித்து, ஆயினும் அவ்விலத்தீன்சொல் ஜெர்மானியச் சொல்லளவு செல்லாதென்றார். பின் நிகழ்ந்தது வியப்பானது. 1865-ல் ஸ்டெர்லிங் என்பார் அதற்கு ஆங்கிலத்திற் கொண்ட சொல் 'ஸப்லேட்'. அது தொல்லெரேயின் இறந்தகால வடிவினின்றே பிறந்தது. போதாதென்று ஆசிரியர் தாமே தள்ளிய சொல்லின் வழித்தோன்றலே அவருக்குரியதாய் இன்றளவும் நிற்கின்றது!

அவ்வளவோடு நின்றிலது. அத்துவைத நூல்களை ஆங்கிலத்தில் எழுதினோர் பாதம் என்னும் வடசொல்லுக்கும் அதே ஸப்லேட்டைக் கைக்கொண்டனர். பாதமாவது பின்வந்த அறிவால் முன்னறிவு பொய்யென ஒழிதல். கயிற்றையறிந்தபின் அரவு ஒருசிறிதும் எஞ்சுவதின்று. ஹெகல் கூறியதோ ஒழிந்ததும் எஞ்சிநிற்றல். இரண்டற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் நிற்றலின், ஹெகல் பாதத்தைக் கூறினார் என்போரும், சங்கரர் அவுஃப்ஹேபனைக் கூறினார் என்போரும் தோன்ற இடமாயிற்று. எலியட் டாய்ச் என்னும் அமெரிக்க அறிஞர் 1969-ல் வெளியிட்ட அத்துவைத நூலில் 'ஸப்ரேஷன்' என்னும் வேறொரு சொல்லை இதற்கென வழங்கினார். சொல் செவிக்கு இனிதன்று. ஆயினும் மயக்கம் ஒழிதற்கு அவர் பட்ட பாட்டை யான் மதிக்கின்றேன்.

அங்ஙனமாயின் மொழிபெயர்ப்போன் செய்யத்தக்கது யாது? மூலச்சொல்லையே அவ்வாறு விட்டுவிடலாம் என்பர் ஒரு சாரார். 1962-ல் ஹைடெகரின் நூலை ஆங்கிலப்படுத்திய மக்குவாரி, ராபின்ஸன் என்பார் 'தாஸைன்' என்பதைப் பெயர்க்காமலே விட்டனர். இது பிழையைத் தடுக்கும். ஆனால் அச்சொல் அன்றாட வழக்கில் இருத்தலைக் குறிக்கும் எளிய ஜெர்மானியச் சொல் என்பதை மறைத்து, மந்திரம் போல ஆக்கிவிடும். காண்டும் ஹெகலும் அதே சொல்லை வழங்கினர் என்பதும் ஆங்கிலம் படிப்போனுக்குத் தெரியாது. எனக்கு மிகவும் உவந்தது வேறொரு முறை. ஹெகலின் சிறு தருக்கநூலை 1991-ல் கெரேட்ஸ், ஸக்டிங், ஹாரிஸ் என்னும் மூவர் கூடி ஆங்கிலப்படுத்தினர். சொற்றெரிவில் மூவர்க்கும் ஒற்றுமை உண்டாகவில்லை. பெரும்பான்மையார் தம் நியாயங்களை முன்னுரையில் எழுதினர்; ஸக்டிங் தம் மறுப்பைத் தனியே எழுதினார்; இரண்டும் ஒரே புத்தகத்தில் அச்சாயின. படிப்போன் எங்கே ஐயமுண்டென்பதை முகப்பிலேயே அறிவான். நம் உரையாசிரியர்கள் பாடபேதத்தைக் காட்டிச் செல்வது போல்வது இது.

ஆயினும் மொழிபெயர்ப்போன் கடமையோடு இவ்வினா முடிந்திலது. வாதிக்குங் கடமையுண்டு. இரண்டு பெயர்ப்புக்கள் முன்னிருக்கும்போது நம் மறுப்புக்கு எளிதானதையோ, நம் கொள்கைக்குத் துணையானதையோ தெரிந்துகொள்ளும் ஆசை எழும். யான் முதலிற் செய்தது எளியதைக் கொண்டது. பின்னர்ச் செய்யப் புகுந்தது துணையானதைக் கொண்டது. முன்னது அறியாமையால் நேர்ந்ததாகலின் ஓரளவு பொறுக்கத்தக்கது. பின்னது அத்தகையதன்று, கைஸ்டின் அகலத்தை அறியத் தொடங்கிய பின்னரும் சில நாள் அக்கட்டுரையைக் கிழிக்க மனமின்றி வைத்திருந்தேன். பகைவனைப் பிழைபடக் கூறுதலே குற்றமென்றும், நண்பனாகப் பிழைபடக் கூறுதல் குற்றமன்றென்றும் அப்போது என் நெஞ்சு எனக்கு நியாயங் கூறிற்று. இறந்துபட்ட ஓர் ஆசிரியர் எழுந்துவந்து தாம் கூறாததைக் கூறாதவாறு தடுக்க வலியிலர். அவர்பால் நாம் செய்யும் அநியாயம் இருவகையானும் ஒன்றே.

நம் சமயமும் இவ்வழியே போக்குவரவு செய்துள்ளது. லைப்ஸிக் சங்கத்தைச் சார்ந்து தமிழ்நாட்டிற் பணியாற்றிய ஷோமெரூஸ் என்பார், தமிழ் மூலநூல்களைக் கற்றுச் சைவசித்தாந்தத்தை ஜெர்மானிய மொழியில் ஒரு பெருநூலாக எழுதி 1912-ல் வெளியிட்டார். திருவாசகத்தையும் அம்மொழியிற் பெயர்த்தார். அச்சித்தாந்த நூல் எண்பத்தெட்டு ஆண்டு கழித்து, 2000-ல், மேரி லா என்பாரால் ஆங்கிலமாக்கப்பட்டு டில்லியில் அச்சாயிற்று. பசு, பாசம், ஆணவம், அருள் என்பன தமிழினின்று ஜெர்மானியத்திற் சென்று, ஆண்டு ஏறக்குறைய முக்காலே அரைக்கால் நூற்றாண்டு தங்கி, ஆங்கில உடை தரித்து மீண்டன. அதனைப் படித்து நம்மை மறுக்க வருவாரும் இருப்பர். அவர் நம்மை மறுக்குமுன் தமிழ்ச்சொல் யாதென்று வினவுதல் வேண்டுமென்று நாம் விரும்புவோமன்றோ?

என் மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லுங்கால் இப்பொழுது கைஸ்ட் என்று அச்சொல்லையே எழுதி, அதன் மூவகையையும் விளக்கிய பின்னரே ஹெகல் மதத்தைக் கூறுகின்றேன். 'ஐயா, தமிழில் ஒரு சொல் தாருங்கள்' என்று அவர் கேட்பதுண்டு. அறிவு என்னலாம், ஆனால் அறிதலுக்கு ஹெகல் வேறு சொல் உடையார். சைதன்னியம் என்னலாம், அரசையும் சட்டத்தையும் அது தாங்காது. உள்ளம் என்பது ஒருவாறு பொருந்தும் போலத் தோன்றும். ஊரின் உள்ளம், காலத்தின் உள்ளம் என்னும் வழக்குக்கு அது இடந்தருதலின். அதனையும் யான் முடிந்த முடிபாகக் கொண்டிலேன். ஜெர்மானியமுந் தமிழும் ஒருங்கு வல்ல அறிஞர் எழுதித் தெரிவிப்பின் நன்றியுடன் ஏற்பேன். தன்னினின்று பிறிதாய் மீளும் கைஸ்டுக்கு அம்மீட்சியைத் தூண்டுவது யாது என்னும் வினாவே அம்மதத்தை நாம் மறுக்குமிடம். அவ்வினாவைக் கைஸ்டின் மூவகையிலும் வைத்து ஆராயும் கட்டுரையைப் பிறிதோர் இதழுக்கு விடுப்பேன்.